ரிப்பன் கட்டிய படிக்கட்டு

பீரோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோணத்தில் நின்றபடியே லாரியிலிருந்து துணிக்கட்டுகளை இறக்கினான். பார்க்கிறவர்களுக்கு யாரையோ வணங்கிக்கொண்டே வேலை செய்கிற மாதிரி இருந்தது. அதனால் அந்த வாரம் மேலதிகாரிகள் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பீரோ என்பது அவன் பெயரில்லை. எப்போதோ லிஃப்ட் பழுதான ஒரு நாளில், இரும்பு பீரோ ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக மாடி ஏற்றினான். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. அந்த உயரமான கட்டடத்தில் எந்தக் கம்பெனிக்கு எந்தச் சாமான் வந்தாலும் "பீரோவைக் கூப்பிடு" என்பார்கள். பீரோவே வந்தாலும் அப்படித்தான்.

ஒன்பதாவது மாடியில் சீருடை தைக்கிற கம்பெனி இருந்தது. அங்கே சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள் அவன் மனைவி. பொத்தானக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பஸ் படியில் கால் இடறி எலும்பு முறிந்து, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தாள். பொத்தான் தைக்கக் கால் எதற்கு என்று கம்பெனி கேட்டது. லீவு எதற்கு என்பதைத்தான் அப்படிக் கேட்டார்கள். தினமும் லிஃப்ட்டில் ஏறிப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் யாரோ கழிவறையில் சிகரெட் பிடித்ததில் தீ மணி அடித்தது. மணி அடித்தால் லிஃப்ட் நின்றுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நின்றது. எல்லோரும் படியில் இறங்கி ஓடினார்கள். பொத்தானக்கா மட்டும் கட்டுப்போட்ட காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி, ஆளில்லாத கூடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த சட்டைக்கு மிச்சப் பொத்தான்களையும் தைத்து முடித்தாள். வேறென்ன செய்வது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஏங்க, இன்னிக்கு சும்மா மணி. நெசமாவே புகை வந்தா நான் எப்படி இறங்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? பீரோவையே ஏத்துனவன், உன்னை இறக்க மாட்டேனா? உப்புமூட்டை தூக்கிட்டு வந்துடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

சத்தியம் பண்ணியது வாய். தூக்க வேண்டியது இடுப்பு. அது இருக்கிற நிலைமையில் கூடவே இன்னொரு வழியும் பார்த்து வைப்பது நல்லது என்று பீரோவுக்குப் பட்டது. கட்டடத்தில் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருந்தது. மறுநாள் அங்கே போனான்.

குழுவின் அறையும் அதே ஒன்பதாவது மாடியில், தையல் கம்பெனிக்கு நேர் எதிரே இருந்தது. கதவின் மேல் "புகலிட அறை: நடக்க இயலாதோர் இங்கே காத்திருக்கவும்" என்று ஒரு பலகை. அதை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு இன்னொரு பலகை: "பாதுகாப்புக் குழு. அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது."

உள்ளே தலைவரும் செயலாளரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கனமான மனிதர். பதவி பாதி, உடம்பு பாதி. செயலாளர் ஒல்லி. தலைவர் மூச்சு விட்டால் அதைக் குறிப்பெடுக்கிற ஆள்.

"சார், என் வீட்டுக்காரிக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. எதிர்லதான் வேலை பாக்குது. புகை வந்தா எப்படி இறங்கறதுன்னு கேக்கச் சொல்லுச்சு."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"கேள்வி! பார்த்தீர்களா செயலாளரே, இத்தனை வருடத்தில் இந்தக் கட்டடத்திலிருந்து வந்திருக்கும் முதல் கேள்வி. விழிப்புணர்வு! நம்முடைய உழைப்பின் பலன்!"

"குறிச்சுக்கிட்டேன் ஐயா."

"பதில் சார்?"

"பதில் எங்கப்பா போயிடும்? கேள்வி பதிவாயிடுச்சில்ல?" என்றார் செயலாளர்.

பீரோ தலையைத் தூக்க முடிந்தவரை தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். "வெளியில பலகையில என்னமோ போட்டிருக்கே சார், நடக்க முடியாதவங்க இங்க இருக்கலாம்னு."

"ஆமா. இதுதான் இந்தக் கட்டடத்துலயே ரொம்பப் பத்திரமான அறை. சுவர் எரியாது, கதவு எரியாது, புகை நுழையாது, தனியா நல்ல காத்து வரும். அதனாலதான் குழு இங்க உட்காந்திருக்கு. பாதுகாப்பைப் பத்திப் பேசறவங்களுக்கே பாதுகாப்பு இல்லைன்னா ஜனங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்றார் செயலாளர்.

பீரோவுக்கு அது சரிமாதிரியும் இருந்தது, தப்புமாதிரியும் இருந்தது. அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார். கேள்வி கேட்டவனுக்கு ஏற்பாடுகளைச் சுற்றிக் காட்டுவது குழுவின் கடமையாம்.

முதலில் படிக்கட்டுக் கதவு. புகை உள்ளே போகாமல் தானாக மூடிக்கொள்ள வேண்டிய கனத்த கதவு. அதைத் தீயணைக்கும் சிவப்பு உருளை ஒன்றை அண்டக் கொடுத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். மாடிக்கு மாடி அப்படித்தான்.

"தானா மூடிக்கிட்டு ஒரே தொல்லை. ஒருநாள் ஐயாவோட தேநீர்த் தட்டையே தட்டி விட்டுடுச்சு," என்றார் செயலாளர். "இந்த உருளையும் சும்மாதானே நின்னுக்கிட்டிருந்தது."

அப்புறம் மொட்டை மாடி. அங்கே ஒரு கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு விசிறி. தீப்பிடித்தால் வெளிக்காற்றை இழுத்துப் படிக்கட்டுக்குள் தள்ளும், புகை படிக்கட்டுப் பக்கமே வராது, ஜனங்கள் மூச்சு முட்டாமல் இறங்கலாம் என்று தலைவர் விளக்கினார். விசிறியைத் தலையிலிருந்து கால்வரை கனமான பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தது.

"வாங்குன அன்னைக்குப் போட்ட உறை. இன்னிவரைக்கும் பிரிக்கல. ஒரு தூசி உள்ள போயிருக்கணுமே!" என்றார் செயலாளர், பெற்ற பிள்ளையைக் காட்டுகிற மாதிரி.

"ஓடுமா சார்?"

"ஓட விட்டாத்தானேப்பா கெட்டுப் போகும்?"

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கேள்வியின் முக்கியத்துவத்தைக் கருதி மாபெரும் வெளியேற்ற ஒத்திகை நடக்கும். புதிதாக வெள்ளையடித்த முன்பக்கப் படிக்கட்டைச் சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டித் திறந்து வைப்பார். திறந்த கையோடு மேலிருந்து ஜனங்கள் வரிசையாக இறங்கி வந்து அவருக்கு வணக்கம் சொல்வார்கள். புகைக்கு நாடக மேடைக்காரரிடம் இரண்டு புகைப் பெட்டி வாடகைக்குச் சொல்லியாகிவிட்டது. சிகரமாக, நடக்க இயலாத ஒருவரை ஒன்பதாவது மாடியிலிருந்து தூக்கி வந்து காட்டுவது. தூக்குகிறவன் பீரோ.

பொத்தானக்காவுக்குச் சந்தோஷம். "பரவால்லையே, கேட்டதுக்கு நடக்குதே. நான் என்ன சேலை கட்டிக்கட்டும்?"

அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பீரோ குழுவின் முன்னால் போய் நின்றான். செயலாளர் அவள் காலைப் பார்த்தார். பதறிப் போனார்.

"என்னம்மா இது, உங்களுக்கு நெசமாவே கால் ஒடிஞ்சிருக்கே!"

"அதுக்குத்தானே சார் இதெல்லாம்?"

"நெசமா நடக்க முடியாதவங்களை வெச்சு ஒத்திகை பண்ணக் கூடாதும்மா. உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அப்ப நெசமா தீ வந்து ஏதாவது ஆச்சுன்னா?"

"நெசமா வந்தா அது ஒத்திகை இல்லையேம்மா. எங்க பொறுப்பு ஒத்திகை வரைக்கும்தான்."

நடக்க இயலாதவராகத் தலைவரே நடிப்பது என்று தீர்மானமாயிற்று. தியாகம் என்று செயலாளர் கைதட்டினார். இதற்காகத் தலைவர் டாக்டரிடம் இரண்டு சான்றிதழ் வாங்கினார். அவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்று ஒன்று, அன்று ஒருநாள் மட்டும் அவரால் நடக்க முடியாது என்று இன்னொன்று. ஸ்ட்ரெச்சருக்கும் விண்ணப்பம் போனது. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது தெரியும், சாவி யாரிடம் என்பது தெரியாது. ஆகவே முதுகில்தான் என்றார்கள்.

பொத்தானக்காவுக்கு வேறொரு பொறுப்பு கொடுத்தார்கள். ரிப்பன் வெட்ட நல்ல கத்தரிக்கோல் வேண்டும். தையல் கம்பெனியில் இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைச் சாணை பிடித்து, துணியில் சுற்றி வைத்திருக்க வேண்டும். செயலாளர் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார்.

அந்த நாள் வந்தது. கீழ்த்தளத்தில் முன்பக்கப் படிக்கட்டு முடிகிற இடத்தில் இரட்டைக் கண்ணாடிக் கதவு. வெளிப்பக்கம் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. கதவின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துச் சிவப்பு ரிப்பன். ஒரு சுற்றுச் சுற்றினால் போதாதா என்று வாட்ச்மேன் கேட்டான். விசிறி ஓடினால் காற்று கதவைத் தள்ளும், விருந்தினர் வெட்டுவதற்கு முன்னால் கதவு திறந்துகொண்டால் மரியாதையா என்று சொல்லி, செயலாளர் ஒரு முழுக் கட்டு ரிப்பனையும் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டார். இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்தாலும் வராது.

விருந்தினர் உரையை ஆரம்பித்ததும் மேலே விசிறியைப் போட்டார்கள். உறையைப் பிரிக்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லை. விசிறியைப் போடச் சொல்லி மட்டும் உத்தரவு இருந்தது.

பீரோ அப்போது ஒன்பதாவது மாடிப் படிக்கட்டு வாசலில் குனிந்து நின்றான். குனிவது சுலபமாக இருந்தது. தலைவர் முதுகில் ஏறினார். இடுப்பில் ஏதோ ஒன்று 'களுக்' என்றது. கண்ணில் பொறி பறந்தது. எதிர்க் கூடத்தில் மனைவி கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு, இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துப் போங்க," என்றாள். "பதவியெல்லாம் கீழ கொட்டிடப் போவுது."

மணி அடித்தது. ஜனங்கள் பின்னால் திமுதிமுவென்று இறங்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாடி இறங்கியிருப்பான். மேலேயிருந்து புகை வந்தது. நன்றாக வந்தது.

"அடேயப்பா, தத்ரூபம்!" என்றார் முதுகிலிருந்தவர். "வாடகைக்குக் கொடுத்தவன் நாணயமானவன்."

பீரோ மூக்கை உறிஞ்சினான். நாடகப் புகைக்கு இப்படி நாறாது. இது பிளாஸ்டிக் உருகுகிற நாற்றம். உறை விசிறிக்குள் சுற்றிக்கொண்டு, மோட்டார் சூட்டில் பற்றிக்கொண்டது. நல்ல காற்றை எப்படி ஒழுங்காகப் படிக்கட்டுக்குள் தள்ள வேண்டுமோ, அதே ஒழுங்கோடு விசிறி கரும்புகையைத் தள்ளியது. மாடிக்கு மாடி உருளை அண்டக் கொடுத்துத் திறந்து வைத்திருந்த கதவுகள் வழியே புகை வீட்டு விருந்தாளி மாதிரி எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

"ஐயா, இது நெசப் புகை. இறங்குங்க. என் வீட்டுக்காரி மேல இருக்கு."

"இறங்குவதா? என்னால் நடக்க இயலாது!"

"உங்களாலயா?"

"சான்றிதழ் இருக்கிறது!" தலைவரின் கை பீரோவின் கழுத்தை இறுக்கியது. இருமிக்கொண்டே சொன்னார்: "போ! கீழே போ! குழுவின் உத்தரவு!"

பீரோ திரும்பப் பார்த்தான். திரும்ப முடியவில்லை. இடுப்பு ஒரு பக்கம் பூட்டிக்கொண்டது. முதுகில் தலைவர். பின்னால் ஊரே இறங்கி வருகிறது. தலையை மட்டும் திருப்பி ஒன்பதாவது மாடிப் பக்கம் பார்த்து, அவளைக் கத்திக் கூப்பிட்டான். புகைதான் வாய்க்குள் போயிற்று. தள்ளின தள்ளில் கால் தானாகக் கீழ்ப்படியைத் தேடியது. ஒவ்வொரு படிக்கும் சத்தியம் பண்ணிய வாயைத் திட்டிக்கொண்டே இறங்கினான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு அவனை முந்திப் போனார்கள்.

கீழே கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. முன்னால் வந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள். ரிப்பன் நல்ல ரிப்பன். பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைக் கண்ணாடியோடு அப்பினார்கள். வெளியே ஒலிபெருக்கியில் விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு கட்டடத்தின் பெருமை அதன் உயரத்தில் இல்லை. அதிலிருந்து மக்கள் எவ்வளவு அமைதியாக இறங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. இதோ, கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள்! யாராவது முண்டியடிக்கிறார்களா? முகத்தைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு எவ்வளவு ஆர்வமாக என் உரையைக் கேட்கிறார்கள்!"

உள்ளே இருந்தவர்கள் கண்ணாடியைப் படபடவென்று அடித்தார்கள்.

"நன்றி, நன்றி. கைதட்டலைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்."

செயலாளர் கதவருகே ஓடி வந்து வாயில் விரல் வைத்தார். "கொஞ்சம் பொறுங்க. ஐயா இன்னும் ரெண்டாவது பக்கத்துலதான் இருக்காரு." பிறகு அவர் முகம் கவலையாயிற்று. கதவு பற்றிய கவலை இல்லை. கத்தரிக்கோல் வாங்கப் போன ஆளைக் காணோம். அந்த ஆள் கண்ணாடிக்குப் பின்னால்தான், மூன்றாவது வரிசையில் இருமிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தையல் கம்பெனிப் பெண்கள். உடம்பெல்லாம் தூசி, ஒட்டடை. நடுவில் ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் பொத்தானக்கா வந்தாள். மாவுக்கட்டில் கரி அப்பியிருந்தது. கையில் கத்தரிக்கோல்.

முன்பக்கப் படிக்கட்டில் புகையைப் பார்த்ததுமே அவள், "அந்தப் பக்கம் வேணாம்டி, பின்னாடி வாங்க," என்றிருக்கிறாள். பின்பக்கப் படிக்கட்டு குழுவின் சாமான் கிடங்கு. பழைய நாற்காலிகளைப் பெண்கள் ஒருபக்கம் ஒதுக்கினார்கள். அவளைத் தூக்கப் பார்த்தார்கள், சிரிப்பும் பயமுமாக நழுவ விட்டார்கள். கடைசியில் அங்கே கிடந்த வழவழப்பான விளம்பரப் பதாகை ஒன்றைப் போட்டு, அதில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஒருத்தி தூக்கிப் பிடிக்க, படிக்குப் படி வழுக்கி வந்திருக்கிறாள். "பாதுகாப்பே நம் மூச்சு" என்ற பதாகை. தலைவரின் முகம் பெரிதாகப் போட்டிருந்தது. ஒன்பது மாடியும் அவள் அந்த முகத்தின் மேல்தான் உட்கார்ந்து வந்தாள்.

செயலாளர் அவளைப் பார்த்ததும் உயிர் வந்தவராக ஓடினார். "வந்துடுச்சா! குடும்மா குடும்மா. தட்டு! வெல்வெட் தட்டு எங்கப்பா?"

பொத்தானக்கா கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே முகங்கள் நசுங்கியிருந்தன. பின்வரிசையில், யாரையோ சுமந்தபடி கூனிக்கிடந்த ஒரு தலை தெரிந்தது. அந்தத் தலையை அவளுக்குத் தெரியும்.

"தட்டு தேடுற நேரமாய்யா இது?"

'நறுக்' என்று ஒரே வெட்டு. சாணை பிடித்தது வீண் போகவில்லை.

கதவு திறந்துகொண்டது. புகையும் ஜனமும் பந்தலுக்குள் கொட்டின. விருந்தினர் மூன்றாவது பக்கத்தைப் புரட்டிய நிலையில் நாற்காலியோடு சாய்ந்தார். கடைசியில் பீரோ வந்தான், முதுகில் தலைவரோடு. வந்து, மனைவி நிற்கிற இடம்வரை நடந்து, அப்படியே மண்டியிட்டான். தலைவர் எழுந்து, உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிடுக்காக மேடைக்கு நடந்து போனார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வாட்ச்மேன் ஓடிப் போய் மெயின் சுவிட்சை இறக்கியதில் விசிறி நின்றது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இருமலும் கண்ணெரிச்சலும்தான். சிலருக்கு அது ஒரு வாரம் போகவில்லை.

குழு கூடி அறிக்கை தயாரித்தது. ஒத்திகை மாபெரும் வெற்றி. புகை எதிர்பார்த்ததைவிட இயல்பாக இருந்தது. விசிறி கெட்டதற்குக் காரணம் அதை ஓட்டியது. புதிய விசிறிக்கு இன்னும் கனமான உறை போட வேண்டும். ரிப்பனை அதிகாரம் இல்லாத ஒருவர் வெட்டியிருக்கிறார். ஆகவே திறப்பு விழா செல்லாது. விழா செல்லாததால் படிக்கட்டு இன்னும் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத படிக்கட்டில் யாரும் இறங்கியிருக்க முடியாது. எனவே அதில் மூச்சு முட்டியதாக வந்த புகார்கள் தள்ளுபடி. விருந்தினருக்கு வேறு தேதி கிடைக்கும்வரை படிக்கட்டு பூட்டியே இருக்கும்.

பொத்தானக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பீரோவுக்குச் 'சிறந்த மீட்பாளர்' என்று சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டு.

அந்தச் சாயங்காலம் பீரோ தரையில் குப்புறப் படுத்திருந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல காலின் குதிகாலால் அவன் இடுப்பை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சட்டத்தை எங்க மாட்டறது?"

"அடுப்புக்குப் பின்னாடி வை. புகை படட்டும்."

"ஏங்க, உப்புமூட்டை தூக்கறேன்னு யாருக்குச் சத்தியம் பண்ணீங்க?"

"உனக்குத்தான்."

"யாரைத் தூக்கினீங்க?"

"திரும்பத்தான் பாத்தேன். முடியல. கூப்பிட்டேன், கேட்டுதா?"

"கேக்கல," என்றாள். குதிகால் ஒரு நொடி நின்றது. "திரும்பப் பாத்திருப்பீங்க, முடிஞ்சிருக்காதுன்னு தெரியும். அதான் நானே வந்தேன்." மறுபடி அமுக்கினாள். "அந்தாளு ரொம்பக் கனமா?"

"கனந்தான்."

"என்னைவிடவா?"

முதுகில் எதைத் தூக்கினாலும் தூக்கலாம், இந்தக் கேள்வியைத் தூக்கக் கூடாது என்று பீரோவுக்குத் தெரியும். கையை ஊன்றி எழுந்தான். "வா, ஏறு. இப்பவே தூக்கறேன். வாசல் வரைக்கும்."

குனிந்தான். இடுப்பு 'களுக்' என்றது. அப்படியே நின்றுவிட்டான். அவள் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு நாற்காலிக் காலில் இடித்தது.

"வாசல் கணக்கெல்லாம் வேணாம். கட்டுப் பிரிச்சாலும் விட மாட்டேன். தலைவருக்கு எவ்வளவோ அவ்வளவு."

அவன் கணக்கை ஒப்புக்கொண்டான். தன் பெண்டாட்டிக்கு அவன் ஒன்பது மாடி பாக்கி.